எந்த ஊருங்க இது?

போன மாதம் காரமடையில் நாங்கள் ஐந்து பேர் கூடி ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலைப் பேசினோம். இடம், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு பேக்கரி. கோவைப் பக்கத்துப் பேக்கரியை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அது ரொட்டிக் கடை மட்டும் அல்ல. ஒரு டீயும் ஒரு தேங்காய் பன்னும் வாங்கினால் ஒரு மணி நேரம் யாரும் எழுப்பாத திண்ணை. மாதம் ஒரு நாவல், எல்லோரும் முழுதாகப் படித்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் எங்களுக்குள் இருக்கிற ஒரே கட்டுப்பாடு.

பேச்சு எப்போதும் போலத்தான் தொடங்கியது.

“எந்த ஊருங்க இது?”

“சிவியார்பாளையம்னு போட்டிருக்குதுங்களே.”

“அது சரீங்க. நெசத்துல எந்த ஊரு? ஆசிரியரு கீரனூர்க்காரரு. அப்ப அந்தப் பக்கமாத்தான் இருக்கோணும்.”

கால் மணி நேரம் இதிலேயே போயிற்று. முன்பெல்லாம் எனக்கு இது எரிச்சலாக இருக்கும். நாவலைப் பேசச் சொன்னால் நில அளவைக்குக் கிளம்பிவிடுகிறார்களே என்று தோன்றும். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. கொங்கு நாட்டில் நாவலைச் சேர்ந்து பேசுவதன் பலமும் ஆபத்தும் இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தது. 1917இல் பிறந்த சண்முகசுந்தரத்துக்கு அப்போது வயது இருபத்தைந்துதான். உழவர் குடும்பங்களின் பேச்சை, கொங்குச் சொற்களை, கூச்சமில்லாமல் நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி முயற்சி என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கதை சிறியது. நாகம்மாள் கணவனை இழந்தவள். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். கணவனின் உடன்பிறந்தான் சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். ஒரு கட்டத்தில் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். கெட்டியப்பனோடு அவளுக்குள்ள தொடர்பும், ஊர்ப் பெரிய மனிதர்களின் தூண்டுதலும் சேர்ந்துகொள்ள, முடிவில் சின்னப்பன் கொலையாகிறான்.

இதை நான் இரண்டு முறை படித்திருந்தேன். இரண்டு முறையும் நாகம்மாளைச் சொத்தாசை பிடித்தவளாக, பிறரின் சூழ்ச்சிக்குக் கருவியானவளாக மட்டுமே பார்த்தேன். அன்று பேக்கரியில் எங்களோடு இருந்தவர்களில் ஒருவர் பத்திரம் எழுதுகிறவர். அவர் கேட்டார்: “அவ கேட்டது நாயமா இல்லையாங்கறது இருக்கட்டுங்க. சட்டப்படி அவளுக்குப் பங்கு இருந்துச்சுங்களா?”

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார். 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்தால் அவன் பங்கை மனைவி தன் ஆயுள் வரை அனுபவிக்கலாம், பாகப்பிரிவினை கேட்கவும் செய்யலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால் மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டில் பங்கு உண்டு, ரொக்கத்தில் உண்டு, தோட்டத்தில் கிடையாது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு அதை விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947இல்தான். அந்த 1937 சட்டத்துக்கு முன்பே கணவன் இறந்திருந்தால் அதுவும் இல்லை, ஜீவனாம்சம்தான்.

ஆக, நாவல் வெளிவந்த 1942இல் நாகம்மாளைப் போன்ற ஒரு குடியானவப் பெண் எதைக் கேட்டாளோ, அதை மட்டும் குறிவைத்து விலக்கியதுபோல நின்றது சட்டம். பண்ணயம் செய்கிற குடும்பத்தில் பூமியை விட்டால் வேறு என்ன சொத்து? அவள் வழக்குமன்றத்துக்குப் போகாமல் கெட்டியப்பனின் தடியை நம்பியதற்கு அவள் குணம் மட்டும் காரணம் அல்ல என்று எனக்குப் பட்டது. சண்முகசுந்தரம் இந்தத் தீர்ப்பை அறிந்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. ஊரில் நடப்பதை உற்றுப் பார்த்தவர் எழுதினார். சட்டம் எங்கே ஓட்டையாக இருந்ததோ அங்கே கதை போய் நின்றது. தனியாக இன்னும் பத்து முறை படித்திருந்தாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது. அதற்கு ஒரு பத்திர எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாவலைச் சேர்ந்து பேசுவதில் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. கவிதையைக் கூட்டத்துக்கு எடுத்துவரலாம். நாவலை எடுத்துவர முடியாது. 1920களில் திருநெல்வேலியில் டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியில் கம்பன் பாடல் ஒன்றைப் பாடிக் காட்டினால், அங்கிருந்த அத்தனை பேரும் அதே கணத்தில் அதே பாட்டைக் கேட்டார்கள். ரசனை உடனே பொதுவாயிற்று. நாவலோ நாலு நாளோ நாற்பது நாளோ, ஒருவர் தனியே படித்து முடித்தது. கூட்டத்துக்கு வருவது நாவல் அல்ல, நாவலின் நினைவு. ஐந்து பேர் வந்தால் ஐந்து நாவல்கள் வருகின்றன. ஒருவர் நினைவில் நாகம்மாள் முழுக்க நிற்கிறாள். இன்னொருவருக்கு அந்தக் குழந்தை மட்டும்.

இந்தத் தனிமை நாவலோடு கூடவே பிறந்ததும் அல்ல. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ என்ற ஆய்வு நூல் இதை விரிவாகப் பேசுகிறது. அச்சு பரவிய பிறகும் நெடுங்காலம் படிப்பது என்றால் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதுதான். தொடக்ககால நாவல்களும் அப்படிப் படிக்கப்பட்டன. கண்ணால் மட்டும் படிக்கிற மௌன வாசிப்பு மெல்ல மெல்லத்தான் வந்தது. அது வந்தபோது கூடவே ஒரு பதற்றமும் வந்தது: பெண்கள் மூலையில் உட்கார்ந்து நாவல் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற புலம்பல். மற்றவர் காதில் விழாத வாசிப்பைக் கண்டு ஊர் பயந்தது என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன்.

கொங்கு நாட்டுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. இங்கே மக்கள் சேர்ந்து உட்கார்ந்து கேட்ட பெருங்கதை அண்ணமார் சாமி கதை. உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுவார்கள். 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் அந்தப் பாட்டைப் பல இரவுகள் ஒலிப்பதிவு செய்து, பின்னாளில் நூலாகவும் கொண்டுவந்தார். அந்தக் கதையைக் கேட்கிறவர்களுக்கு ‘எந்த ஊர்?’ என்பது வெளிக்கேள்வியே அல்ல. பொன்னர் சங்கர் ஆண்டது வளநாடு. விழுந்தது வீரமலைச் சாரலில். வீரப்பூரில் படுகளம் இன்றும் நடக்கிறது. கதைக்கு விலாசம் உண்டு. போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். நாவல்தான் அந்த விலாசத்தை அழித்தது. சிவியார்பாளையம் என்று ஒரு பெயரைப் போட்டது, அது எங்கே என்று சொல்ல மறுத்தது. எங்கள் பேக்கரிக் கேள்வி அந்தப் பழைய கேட்பாளனின் கேள்வி என்றுதான் நினைக்கிறேன். உடுக்கைப் பாட்டைக் கேட்ட காது, நாவலைப் படிக்கும்போதும் ஊரைத் தேடுகிறது.

கோவை ஞானியை இங்கே நினைக்காமல் போக முடியாது. கி. பழனிச்சாமி என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1935இல் சோமனூரில் பிறந்தவர், கோவையில் தமிழாசிரியராக வேலை பார்த்தவர், மார்க்சியத் திறனாய்வாளர். பரிமாணம், நிகழ், தமிழ் நேயம் என்று சிற்றிதழ்கள் நடத்தினார். 1980களின் பிற்பகுதியில் நீரிழிவு நோயால் பார்வையை இழந்தார். அதன்பிறகு 2020இல் மறையும் வரை முப்பதாண்டுக்கும் மேல் அவர் படித்ததெல்லாம் பிறர் படிக்கக் கேட்டது. எழுதியதெல்லாம் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியது. திறனாய்வாளருக்குக் கண் போனால் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. அவர் வெகுவாக எழுதியது அதன்பிறகும்தான்.

அந்த ஏற்பாட்டை யோசித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நாவல் கூட்டத்துக்கு வராது என்று மேலே சொன்னேன். ஞானியின் அறைக்கு வந்தது. ஒருவர் வாய்விட்டுப் படிக்கிறார், ஒருவர் கேட்கிறார். இருவரும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். ‘அங்கே நிறுத்து, திரும்பப் படி’ என்று சொல்ல இடம் இருக்கிறது. கருத்து, படித்து முடித்த பிறகு வருவதாக இல்லாமல் படிக்கும்போதே வருகிறது. நோய் திணித்த ஏற்பாடுதான். ஆனால் மௌன வாசிப்புக்கு முந்தைய பழக்கம் ஒன்று, நவீனத் திறனாய்வாளர் ஒருவரின் அறையில் மறுபடி உயிர் பெற்றது. ஞானியின் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல. இந்த வாசிப்பு முறைக்கு மட்டும் நான் கடன்பட்டவன். எங்கள் கூட்டத்தில் கருத்துச் சொல்கிறவர், தன் கருத்துக்கு ஆதாரமான பக்கத்தை எடுத்து முதலில் உரக்கப் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பது அதிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். இதனால் பாதிக் கருத்துகள் வாய்க்கு வரும் முன்பே உதிர்ந்துவிடும். பக்கத்தைத் தேடினால் அப்படி ஒரு வரி அங்கே இருக்காது.

கடல் கடந்தும் இதற்கு ஓர் உறவு உண்டு. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ‘வாசிப்பவர்’ என்றே ஓர் உத்தியோகம் இருந்தது. தொழிலாளர்கள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, அவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் படிப்பார். அவருக்குச் சம்பளம் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தது. எந்த நாவல் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அலெக்சாந்தர் தூமாவின் நாவல் அங்கே பிடித்துப்போனதால்தான் ‘மாண்ட்டி கிறிஸ்டோ’ என்று ஒரு சுருட்டுக்கே பெயர் வந்தது என்பார்கள். நம் பக்கம் சோமனூரிலும் பல்லடத்திலும் அது நடந்திருக்க வழியில்லை. விசைத்தறி ஓடுகிற கொட்டகையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது.

தமிழில் வாசகர் கூட்டங்களின் வரலாற்றை முழுக்கச் சொல்லப் புகுந்தால் கட்டுரை கொள்ளாது. 1960களில் சென்னையில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ‘வாசகர் வட்டம்’ பெயரளவில்தான் வட்டம், உண்மையில் பதிப்பகம், சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ 1969இல் அதன் வழியாகத்தான் வந்தது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் ‘காகங்கள்’ கூடியது. இன்று கோவையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்காவது ஒரு கூட்டம் இருக்கும். பொள்ளாச்சி இலக்கிய வட்டம் மாதந்தோறும் கூடுகிறது. 2010 முதல் விருது வழங்கிவரும் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் ஆண்டுதோறும் டிசம்பரில் கோவை ராஜஸ்தானி சங்கத்தில் நடத்தும் விழாவில் எழுத்தாளரை மேடையில் உட்காரவைத்து வாசகர்கள் கேள்வி கேட்கிறார்கள். பல ஊர்களிலிருந்து ரயிலேறி வந்து, படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள் என்பதுதான் அதில் முக்கியம். மேடையும் மைக்கும் வந்துவிட்டால் கருத்து மாறுபாடு கொஞ்சம் இஸ்திரி போட்டுக்கொண்டு வரும் என்பது என் குறை. ஐந்து பேர் கூடும் இடத்தில் கசங்கிய சட்டையோடே வரும்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கோவையின் வாசகர்கள் எண்ணிக்கையில் அதிகம் படித்த நாவலாசிரியர் சண்முகசுந்தரமும் அல்ல, பெருமாள்முருகனும் அல்ல, ராஜேஷ்குமார். கோவைக்காரர். 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் ஏறி, காரமடை வருவதற்குள் பாதி முடித்து, பக்கத்து இருக்கைக்காரருக்குக் கைமாற்றிவிட்டு இறங்கிய தலைமுறை ஒன்று இங்கே உண்டு. கொலைகாரன் யார் என்று பெரியநாயக்கன்பாளையத்தில் பந்தயம் கட்டியவர்கள் நாவலைப் பற்றிக் கருத்துப் பரிமாறவில்லை என்று யார் சொல்வது? ஆனால் எந்த இலக்கிய வட்டத்திலும் அந்தப் பெயர் எழுந்து நான் கேட்டதில்லை. எங்கள் பேக்கரியிலும்தான்.

இனி ஆபத்தின் பக்கம்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியைச் சுற்றியது. திருவிழாவின் பதினாலாம் நாளோடு தொடர்புடைய ஒரு பழைய வழக்கம் கதையின் மையத்தில் இருக்கிறது. நான்காண்டுகள் அதைப் படித்தவர்கள் படித்தார்கள், பேசியவர்கள் பேசினார்கள். 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு வெடித்தது; புத்தகம் எரிக்கப்பட்டது; நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு. ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. அதைத் தொடர்ந்து, எழுத்தாளன் என்ற நிலையில் தான் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தை மூடிவைத்துவிடலாம் என்பதும், அவர் மறுபடி எழுத வரவேண்டும் என்பதும் அதன் சாரம்.

கருத்துச் சுதந்திரம் என்ற தலைப்பில் இதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் இதை வாசிப்பின் சிக்கலாகவும் பார்க்கிறேன். அங்கே எழுந்த கேள்வியும் ‘எந்த ஊர்?’ தான். ‘எங்க ஊரைச் சொல்றானா? எங்க பொம்பளைகளைச் சொல்றானா?’ பேக்கரியில் அதே கேள்வியைக் கேட்டவர் அடுத்ததாகப் பத்திரச் சட்டத்துக்குப் போனார், நாவல் விரிந்தது. அங்கே அதே கேள்வி தீர்ப்பாகிவிட்டது. என்ன வித்தியாசம்? ஊர்க்காரர் நாவலுக்குச் சாட்சி. குத்தகை எப்படி, பட்டி எப்படி, பங்கு பிரிக்கும்போது முதலில் எதை அளப்பார்கள் என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் சாட்சி சொல்ல வந்தவர் நாற்காலியில் ஏறித் தீர்ப்பும் எழுதக் கூடாது. அதிலும் நாலு பக்க நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுதவே கூடாது. காளியும் பொன்னாவும் ஒருவரை ஒருவர் எப்படி நேசித்தார்கள் என்பது அந்த நகல்களில் இல்லை. முழு நாவலில் இருக்கிறது.

கசப்பான பொருத்தம் ஒன்று: இந்த நாட்டில் நாவலைச் சேர்ந்து படிக்கும் பழக்கத்துக்கு உழைத்தவர்களில் பெருமாள்முருகனும் ஒருவர். சண்முகசுந்தரத்தின் படைப்புகளைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தார். கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார். நாமக்கல்லில் தன் வீட்டு மொட்டை மாடியில் ‘கூடு’ என்ற பெயரில் மாதாந்திர ஆய்வுச் சந்திப்பு நடத்தி, மாணவர்களைக் கட்டுரை வாசிக்க வைத்தார். அந்த மாடியில் இருபது பேர் உட்கார்ந்து ஒரு நாவலை முழுசாகப் படித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே மாவட்டத்தில்தான் இந்த நகல்கள் கைமாறின.

எங்கள் கூட்டத்திலும் ‘மாதொருபாகன்’ பேசப்பட்டது. அமைதியாகப் போகவில்லை. எங்களில் ஒருவருக்குத் திருச்செங்கோட்டில் ஒறம்பரை. அவர் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. ஆசிரியர் ஊர்ப் பெயரை மாற்றியிருக்கலாம் என்பது அவர் கட்சி. ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் அந்த மலையும் அந்தப் படிகளும் எங்கே போகும் என்பது என் கட்சி. பின்னால் வந்த பதிப்புகளில் ஊர்ப்பெயரை ஆசிரியர் நீக்கியிருக்கிறாரே என்று அவர் மடக்கினார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த நீக்கத்தை எழுத்தாளரின் முடிவு என்பதா, கூட்டத்தின் முடிவு என்பதா? இரண்டு பேரும் முழுதாகப் படித்திருந்தோம் என்பதால் மறு மாதமும் அவர் வந்தார். எங்கள் கூட்டத்தின் சாதனை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

நடைமுறையில் எங்களைப் படுத்துவது இதெல்லாம் அல்ல, பிரதி. ஐந்து பேர் ஒரே மாதத்தில் ஒரே நாவலைப் படிக்க ஐந்து புத்தகம் வேண்டும். நானூறு, ஐந்நூறு ரூபாய் கொடுத்து மாதாமாதம் வாங்க எல்லோராலும் முடியாது. நூலகத்தில் ஒரு நாவல் இருந்தால் பெரும்பாலும் ஒரு பிரதிதான் இருக்கும். நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி சேர்ந்தே போகிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் போட்டுக்கொடுத்த வழி அது. கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்புக்கும் இடம் இருக்கிறது. பல ஊர்களில் அது பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடுகிறது. அந்த வட்டத்தில் சேருங்கள். பத்துத் தலைப்பில் ஒவ்வொரு பிரதி வாங்குவதற்குப் பதில், மாதம் ஒரு நாவலை ஐந்து பிரதியாக வாங்கச் சொல்லி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த மாதம் எங்களுக்குத் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. குடிநாவிதர் வாழ்க்கையைச் சொல்வது. இப்போதைக்கு எங்களிடம் இருப்பது இரண்டு பிரதிகள்.